நடைவண்டி

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. கட்டிலில் கிடந்த ஜோசலினின் வலது கால் திடுக்கிட்டது.

ஜோசலின் திடுக்கிடவில்லை. கால் மட்டும்தான். போர்வையின் ஓரம் சரிந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. தொப்புளுக்குக் கீழே அவளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு கால்களும் யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துப்போக மறந்த சாமான்கள் மாதிரி அந்தக் கட்டிலில் கிடந்தன. பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டிப்பர் லாரி ஸ்கூட்டரை உரசிக்கொண்டு போனதில் அவளுடைய தண்டுவடம் போனது. வயிற்றில் ஆறு மாதமாக இருந்த குழந்தையும் போனது. ஸ்கூட்டரை ஓட்டிய அவள் கணவன் ஸ்டெபினுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவள் அழுவாள் என்று எல்லாரும் சுற்றி நின்றார்கள். அழுகை வரவில்லை. பால்தான் வந்தது. குடிக்க ஆளில்லாத பால், நைட்டியை நனைத்துக்கொண்டு. மாத்திரை கொடுத்து வற்ற வைத்தார்கள். என்ன குழந்தை என்று அவள் கேட்கவில்லை, ஸ்டெபினும் சொல்லவில்லை. பொண்ணு என்றால் சினேகா, பையன் என்றால் ஜெபின் என்று இரண்டு பேருமாக முடிவு செய்து வைத்திருந்தார்கள். இரண்டில் எது இல்லாமல் போனது என்று தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று விட்டுவிட்டாள். மரத்துப் போனது கால் மட்டும்தானா என்று அப்போதே அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

குக்கர் மறுபடி அடித்தது. கால் மறுபடி துள்ளியது.

“முனியம்மா!”

முனியம்மா கரண்டியோடு வந்தாள். காலையில் வந்து ஜோசலினைக் குளிப்பாட்டி, சமைத்துவைத்துவிட்டு மதியம் போகிறவள்.

“இன்னாமா?”

“கால் ஆடிச்சு.”

“அய்ய, கனா கினா கண்டியா?” என்று சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த விசில் அடித்தது. முனியம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு இரண்டு கால்களுமே சேர்ந்து துள்ளின. “எம்மா தாயே!” என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஊசி வேல செய்து கீதுமா!”

ஊசி என்று முனியம்மா சொன்னது, பல்லாவரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த கிளினிக்கில் நடந்த ஆபரேஷனை. ஜோசலின் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறவள். மூளையிலும் தண்டுவடத்திலும் பிறந்த பிறகு புது நரம்பு செல் உண்டாகாது என்று வருஷா வருஷம் போர்டில் எழுதியவள். அதையே அங்கிருந்த டாக்டர் அனந்தகிருஷ்ணனிடமும் சொன்னாள். அவர் சிரித்தார்.

“அது பழைய பாடம் டீச்சர். பெரியவங்களுக்கும் உள்ளே ஸ்டெம் செல் இருக்கு. தூங்கிக்கிட்டு இருக்கு. அடிபட்டா முழிக்கும், ஆனா நரம்பு கட்டாது. தழும்பு கட்டிட்டுத் திரும்பப் படுத்துக்கும். அதுங்க நடுவுல கொஞ்சம் இளசு செல்லைக் கொண்டுபோய் வெக்கணும். தான் என்ன ஆகப்போறோம்னு இன்னும் முடிவு பண்ணாத செல். அது அக்கம்பக்கத்தைப் பாத்துக்கிட்டே வளரும். தானா இடம் தேடிப் போகும்.”

“எங்கேருந்து சார் எடுப்பீங்க?”

டாக்டர் ஸ்டெபினைப் பார்த்தார். “உன் இடுப்பெலும்புல இருந்துதான் ஜோ” என்றான் ஸ்டெபின்.

கால்கள் துள்ளிய அன்று சாயங்காலம், திருமுடிவாக்கத்தில் தான் வேலை பார்க்கும் ஃபேப்ரிகேஷன் ஷெட்டிலிருந்து வந்தவன், இரும்புப் பொடி ஒட்டிய கையைக் கூடக் கழுவாமல் கட்டில் ஓரத்தில் மண்டியிட்டான். அவளுடைய பாதங்களில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். கால்விரல்கள் சுருண்டு அவன் மூக்கைப் பிடிக்கப் பார்த்தன. அவன் அழுகையோடு சிரித்தான். இருவரும் விளையாடுவதை ஜோசலின் தலையணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைத் தவிர அறையில் இரண்டு பேர் இருப்பதாகத் தோன்றியது. சீச்சீ, என்ன நினைப்பு இது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கால்களுக்கு நாளாக நாளாகத் தெம்பு வந்தது. குளித்து முடித்ததும் அவை குஷியாக எம்பி எம்பி உதைத்தன, இரண்டும் மாறி மாறி, சைக்கிள் மிதிக்கிற மாதிரி. தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனிலிருந்து பயிற்சி விமானம் தாழ்வாகப் பறந்து சேலையூர் வீடுகளின் ஜன்னல்களை உலுக்கிவிட்டுப் போகும்போது, உதைப்பது அப்படியே நின்று கட்டைவிரல்கள் விறைத்துக்கொள்ளும். சத்தம் தேய்ந்து மறைந்து, தூரத்தில் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பின் முனகல் மட்டும் மிஞ்சும்வரை அவை காது கொடுத்துக் கேட்பது போலவே இருக்கும். மத்தியானத்தில் தூங்கும். ஆமாம், தூங்கும், வேறு எப்படிச் சொல்வது? அவள் விழித்துக் கிடக்க, கால்கள் சூடாக, தொளதொளவென்று ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கும். அப்போது போர்வைக்குள்ளிருந்து ஒரு வாடை வரும். புளித்த பாலும் பவுடரும் கலந்த வாடை. அந்த வாடை வந்தால் ஜோசலினுக்கு மார் குறுகுறுத்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

முனியம்மா எண்ணெய் தேய்க்கும்போது கால்களை மாற்றி மாற்றிக் குறுக்கே இழுத்துவிடுவாள், தொடையை நீவி உள்ளங்காலைத் தட்டுவாள். அவள் தன் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய பழக்கம், கை தானாகப் போனது. கால்கள் சொக்கிப்போய்க் கிடக்கும்.

“பச்சக் கொழந்த தோத்துச்சு போ. கண்ணு பட்டுடப் போவுது” என்று சிரித்துக்கொண்டே ஒரு நாள் மையைத் தொட்டு உள்ளங்காலில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

“எங்க வீட்டுல இதெல்லாம் வெக்க மாட்டோம் முனியம்மா. அழி.”

அழித்தாள். அப்புறம் இடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “ஏம்மா, எலும்புலேந்து எட்த்தாங்கன்னு சொன்னியே. எந்தப் பக்கம்? முதுவுல மட்டும்தான் தையல் கீது. இடுப்புல ஒரு கோடு கூட இல்லியே.”

ஜோசலின் கையை நீட்டி இடுப்பைத் தடவிப் பார்த்தாள்.

அதே வாரம் முனியம்மா நின்றுபோனாள். “நானே பாத்துக்கறேன், வேற ஆளு எதுக்கு?” என்றான் ஸ்டெபின். வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு அவனே குளிப்பாட்டினான். ஈரத் துண்டோடு அவன் வெளியே போன ஒரு நாள், பீரோக் கண்ணாடியில் ஜோசலின் தன் உள்ளங்காலைப் பார்த்தாள். கறுப்புப் பொட்டு. காயாத மை.

அந்தச் சமயத்தில்தான் மரமரப்பு மேலே ஏறுவதைக் கவனித்தாள். படுத்தே கிடப்பவளுக்கு வேறு என்ன வேலை, சீப்பின் பல்லால் வயிற்றைக் குத்திக் குத்தி எங்கே உணர்ச்சி தொடங்குகிறது என்று பார்ப்பது அவள் வழக்கம். எல்லை தொப்புளில் இருந்தது. இப்போது தொப்புளைத் தாண்டியிருந்தது. கால்கள் புரளப் பழகியபோது விலாவில் நின்றது. கால்கள் முழங்காலை மடித்து, படுக்கையில் அவளைக் கவிழ்த்து, முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தபோது மாரில் நின்றது. மாரின் குறுகுறுப்பும் போயிற்று. தண்டுவடத்தின் வழியே ஏதோ ஒன்று இடம் தேடி மேலே போய்க்கொண்டிருந்தது. போகிற வழியில் இருந்தவளை ஒவ்வொரு அறையாகக் காலி செய்துகொண்டே போனது.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் எங்கோ பக்கத்து வீட்டில் அழுகிற சத்தம் போலத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அருள்மேரி அக்கா பார்க்க வந்தாள். சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்துகிறவள். அவள் கணவர்தான் கல்லறைத் தோட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் கமிட்டியில் இருந்தார். ஸ்டெபின் காபி போட உள்ளே போனதும் ஜோசலின் கேட்டாள்.

“அக்கா, பாப்பாவ கல்லறையில எந்தப் பக்கம் வெச்சிருக்கு? என்னைக்காவது போய்ப் பாக்கணும்.”

அருள்மேரி முழித்தாள். “நம்ம தோட்டத்துல வெக்கலையேம்மா. ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் பாத்துக்கறாங்கன்னு ஸ்டெபின் தம்பி சொல்லிடுச்சே. ஒரு பூ கூட வெக்கலையேன்னு நாங்கல்லாம் எவ்வளவு வருத்தப்பட்டோம் தெரியுமா? உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

காபி வந்தது. டம்ளரைப் பிடிக்க நீட்டிய ஜோசலினின் விரல்கள் டம்ளரைப் பிடிக்காமல் ஆவியைப் பிடிக்கப் போயின. “பாத்து, பாத்து, சூடு” என்று ஸ்டெபின் அவசரமாக விலக்கினான். சூடு என்ற சொல்லுக்குக் கை பின்னால் இழுத்துக்கொண்டது. அவள் இழுக்கவில்லை.

அக்கா போனதும் கேட்டுவிட்டாள். “எங்கேருந்து எடுத்தாங்க, ஸ்டெபின்?”

அவன் ஷெட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ஒன்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். சதுரக் குழாயில் அவனே வெல்டிங் செய்தது. முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கம்பி, கீழே மூன்று சக்கரங்கள். ரோஸ் பெயிண்ட். நோயாளிகளுக்கான வாக்கர் அவளுக்குத் தெரியும். இது அது இல்லை. ஆள் உயரத்துக்குச் செய்த நடைவண்டி.

“மண்ணுல போடச் சொல்றியா?” என்றான், தலை நிமிராமல். “டாக்டர் அன்னைக்கே பாப்பாவக் கேட்டாரு. நான்தான் வண்டி ஓட்டினேன் ஜோ. உன்னையும் கொன்னு அதையும் கொன்னுட்டேன்னு உக்காந்திருந்தேன். ரெண்டும் வீணாப் போகாம ஒரு வழி இருக்குன்னா விட்டுடுவேனா? உனக்குள்ள இருந்தது. உனக்குள்ளயே வெச்சோம். இதுல என்ன தப்பு?”

“எனக்குக் கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. கை என் பேச்சு கேக்கலை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, எடுத்துடச் சொல்லுங்க.”

“நல்லா வளந்துக்கிட்டு இருக்கும்போதா?”

சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டான். அது கிறீச்சிட்டுச் சுழன்றது. கால்கள் போர்வைக்குள் ஆசையாக உதைத்தன. பெற்ற வயிறு என்பார்களே, அந்த வயிறு அவளுக்கு இல்லை, எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆனாலும் அந்த உதையைப் பார்த்தபோது, செத்துப்போன ஒன்று இவ்வளவு சந்தோஷமாக உதைக்கிறதே என்று ஒரு நொடி அவள் மனம் இளகியது. அந்த இளக்கம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

தன் உயிர் எங்கே ஊசலாடுகிறது என்று இப்போது தெரிந்தது. வாய். வாய் இன்னும் அவளுடையது. அது இருக்கும்போதே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். போன் ஸ்டெபினிடம் இருந்தது. கதவை அவன்தான் திறந்தான். ஆனால் ஸ்தோத்திரக் கூட்டம் இருந்தது. ஆபரேஷன் நடந்து ஒரு வருஷம் ஆவதற்கு நன்றி செலுத்த, வீட்டிலேயே ஜெபக்கூட்டம் வைக்க ஏற்பாடு. பாஸ்டர் வருவார், சபையார் வருவார்கள். சுகம் பெற்றவள் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். அத்தனை பேர் முன்னால் அவன் அவள் வாயைப் பொத்த முடியாது. அதுவரை தாக்குப்பிடித்தால் போதும். காத்திருந்தாள். டீயில் இனிப்பு தெரியாமல் போனது. மோவாய் போனது. உதட்டைக் கடித்துக் கடித்துப் பார்த்துக்கொண்டாள். வலித்தது. ஸ்தோத்திரம், இன்னும் வலித்தது.

கூட்டத்தன்று சாயங்காலம் ஹாலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தன. மல்லிகைப்பூ, பேக்கரி மிக்சர், வியர்வை, புதுப் பெயிண்ட் எல்லாம் கலந்த வாசனை. மேஜையில் ஒரு கேக். ரோஸ் நிறத்தில் க்ரீம் போட்டிருந்தது. நடுவில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. “ஒரு வருஷம் ஆச்சுல்ல” என்று ஸ்டெபின் வந்தவர்களிடம் சொன்னான். அருள்மேரி அக்கா ஜோசலினுக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டு, நடைவண்டியைப் பிடிக்க வைத்து நிறுத்தினாள். ஜோசலின் நின்றாள். நின்றதும் ஹாலே “அல்லேலூயா” என்றது. சிலர் அழுதார்கள்.

பாட்டு முடிந்தது. வசனம் முடிந்தது. பாஸ்டர் மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்தார்.

“சொல்லும்மா. கர்த்தர் செஞ்ச நன்மையைச் சொல்லு.”

உதட்டைக் கடித்தாள். மேல் உதட்டில் மட்டும் கொஞ்சம் வலி. சீக்கிரம். சீக்கிரம்.

“அக்கா” என்றாள் அருள்மேரியைப் பார்த்து. சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது. “அக்கா, என்ன... என்னக் காப்...”

பல் பிடுங்க ஊசி போட்டது போல நாக்கு தடித்தது. உதட்டைக் கடித்தாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் பலமாகக் கடித்தாள். கடித்தாளா என்பதே தெரியவில்லை. மைக்கில் எச்சில் வழிகிற சத்தம் மட்டும் கேட்டது.

“பாவம், சந்தோஷத்துல வார்த்தை வரல” என்று அருள்மேரி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “காப்பாத்தினாருன்னு சொல்ல வருது. நாம எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம்.”

எல்லாரும் கண்களை மூடினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிக்க ஆரம்பித்தார்கள். யார் குரலும் யாருக்கும் கேட்கவில்லை. தூக்கிய கைகள், இறுக மூடிய இமைகள், அசையும் உதடுகள். யாரும் பார்க்கவில்லை. அவளுடைய கண்கள் மட்டும் திறந்திருந்தன.

இன்னும் இரண்டு கண்கள் திறந்திருந்தன. எதிர்ச் சுவர் ஓரத்தில் ஸ்டெபின் குந்தி உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் அகல விரித்தான். மெல்லத் தட்டினான்.

“வா. வா. வா.”

அவளுடைய கைகள் நடைவண்டியை விட்டன.

ஒரு கால் எழுந்தது. முழங்கால் அகன்று, பாதம் உள்ளே திரும்பி, தரையில் பொத்தென்று விழுந்தது. அடுத்த கால். கைகள் தோளுயரத்துக்குத் தூக்கிக்கொண்டன. உடம்பு ஆடியது. விழப்போனது. விழவில்லை.

“சினேகா” என்றான் ஸ்டெபின். முகமெல்லாம் கண்ணீர். “சினேகாக் குட்டி. அப்பாகிட்ட வா.”

சினேகா. அப்படியானால் பொண்ணு. ஜோசலினுக்கு அப்போதுதான் தெரிந்தது. எம்பொண்ணு.

நாற்காலிகளுக்கு நடுவே, மூடிய கண்களுக்கு நடுவே, தத்தித் தத்தி நடந்தது. யாருடைய முட்டியோ இடித்தது. அவர் கண்ணைத் திறக்காமல் இன்னும் சத்தமாக ஜெபித்தார். கடைசி அடியில் கால்கள் ஓடின. ஸ்டெபின் எட்டிப் பிடித்துக்கொண்டான். மார்போடு அணைத்துக்கொண்டான். அவளுடைய வாய் திறந்தது.

சிரித்தது. அது அவள் சிரிப்பு இல்லை.

அப்புறம் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. எதையோ தேடியது. வந்திருந்த பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. தேடியது கிடைக்கவில்லை. உதடு பிதுங்கியது.

“ம்மா?” என்றது.

இங்கே இருக்கேன், என்றாள் ஜோசலின். இங்கேதான்டி இருக்கேன். இங்கே. எந்த வாயால் சொல்வது?

“ம்மா?”

ஸ்டெபின் காதருகே குனிந்தான். தலையைத் தடவிக் கொடுத்தான். “அம்மா இயேசப்பாகிட்ட போயிட்டாங்கடா செல்லம்” என்றான். “அப்பா இருக்கேன்ல.”

தலை கீழே குனிந்தது. பட்டு ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அந்த ஈரம் பெரிதாகிக்கொண்டே வந்து சேலையில் இறங்கியது. மாத்திரை போட்டு வற்ற வைத்த பால். சூடாக இருந்ததா, வலித்ததா, அவளுக்குத் தெரியவில்லை. அவளால் பார்க்க மட்டும் முடிந்தது.

“ஆமென்” என்று ஹால் முழுக்க ஒரே குரலாகச் சொன்னது. ஒவ்வொருவராகக் கண் திறந்தார்கள்.

ஜோசலினின் கை எழுந்தது. ஒரு விரல் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தது. தொட்ட விரலை வாய் சப்பியது, கண்கள் சொக்கின. என்ன ருசி என்று அவளுக்குத் தெரியவில்லை.